நாவல் மரத்தடியில் ஒன்பது பேர்

தனத்துக்கு முடிச்சூர் பூங்காவைப் பெருக்கும் வேலை. கீழ்க்கட்டளையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறாள். பெருக்குவது பெரிதில்லை, பெருக்கியதற்குச் சாட்சி வேண்டும். பெருக்கும் முன் ஒரு போட்டோ, பெருக்கிய பின் ஒரு போட்டோ. இரண்டும் எட்டு மணிக்குள் சூப்பர்வைசர் தனசேகரின் வாட்ஸப்பில் விழுந்தால்தான் அவள் வேலைக்கு வந்ததாக அர்த்தம். இந்த மாதம் இரண்டு நாள், நெட் கிடைக்காமல், துடைப்பமும் கையுமாக நின்றபடியே ஆப்சென்ட் ஆகியிருந்தாள். மூன்றாவது ஆப்சென்ட் விழுந்தால் வேலை போய்விடும்.

அந்த ஐப்பசி ஞாயிறு, ஏழே முக்காலுக்கு நாவல் மரத்தடி மட்டும் பாக்கி. அங்கே ஒன்பது பேர் கழுத்தில் பைனாகுலரோடு மூச்சுவிடாமல் நின்றார்கள்.

"அக்கா, இங்க மட்டும் பெருக்காதீங்க, ப்ளீஸ்" என்றான் நிகில். கூட்டத்தைக் கூட்டி வந்தவன் அவன்தான். "ஆறுமணிக்குருவி வந்திருக்கு. வடக்கேருந்து ராத்திரியெல்லாம் பறந்து வந்திருக்கு. சருகைக் கிளறித்தான் சாப்பிடும்."

சருகுக்குள் பச்சை முதுகும் சிவந்த அடிவயிறுமாக ஒன்று தத்திக்கொண்டிருந்தது. தனம் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது.

"அது சாப்புடட்டும் தம்பி. நான் இன்னா சாப்புடறது?"

போட்டோ விவகாரத்தைச் சொன்னாள். ஒன்பது பேரும் யோசித்தார்கள். ஒன்றும் தோன்றவில்லை. அத்தனை பேரும் பட்டதாரிகள்.

"சத்தம் போடாம பாதையோரமா வரிசையா குந்துங்க" என்றாள் தனம். குந்தினார்கள். பெருக்கிய பாதை முன்னால், சருகு அவர்கள் முதுகுக்குப் பின்னால். ஏழு ஐம்பத்தெட்டுக்குப் போட்டோ போய்விட்டது.

உடனே தனசேகரிடமிருந்து போன். தள்ளிப்போய் எடுத்தாள்.

"யாரும்மா அவங்க? இன்னாத்துக்கு குந்திகினு கீறாங்க?"

"குருவி பாக்க வந்தவங்க சார்."

"சரி, பிரசென்ட் போட்டுட்டேன். பப்ளிக் இருந்தா போட்டோ களையா கீது. இனிமே தெனிக்கும் பப்ளிக்கோட அனுப்பு. இல்லாட்டி ஆப்சென்ட்தான்."

தனம் திரும்பி வந்தாள். "நாளைக்கு வருவீங்களா தம்பி?"

"நாளைக்கு ஆபீஸ்க்கா." நிகில் குருவியைப் பார்த்தான். "ஆனா இது இருந்தா, லீவ் போட்டாவது வருவோம்."

"சருகு இருந்தா இது இருக்குமா?"

"இருக்கும்க்கா."

தனம் குப்பை வண்டியிலிருந்து ஒரு கூடைச் சருகை அள்ளி வந்து, குருவி மிரளாமல், மரத்தின் மறுபக்கம் பரப்பினாள். நின்று பார்த்தாள். போதாது என்று பட்டது. இன்னொரு கூடைக்குப் போனாள்.