மஞ்சள் பூக் கொடியும் ஒரு தகர வேலியும்

களை பிடுங்குகிற தொழிலில் ஒரு வசதி உண்டு: வேலை முடிந்த பிறகும் வாடிக்கையாளர் நம்மை மறக்கமாட்டார், களை மறக்க விடாது. உங்கள் வீட்டிலும் பிடுங்கப் பிடுங்க முளைக்கிற ஏதோ ஒன்று இருக்குமானால் நீங்களும் நம்ம கட்சிதான்.

நானும் என் மனைவியின் தம்பி ராசுவும் இலங்கை மலையகத்தில் பசறைப் பக்கத் தோட்டத்துக்காரர்கள். தேயிலை மலையில் புல் வெட்டிப் பழகிவிட்டு, இப்போது பதுளையிலும் பண்டாரவளையிலும் வீடு வீடாகப் போய்க் களை எடுக்கிறோம். எனக்கு ஒரு கெட்ட பழக்கம். பிடுங்கினோமா, போனோமா என்று இருக்க முடியாது. இந்தச் சனியன் இந்த வீட்டுக்குள் எப்படி நுழைந்தது என்று தெரிந்தே ஆகவேண்டும். ராசுவுக்கு இது பிடிக்காது. "மச்சான், பிடுங்குறதுக்கு முன்னாடி களைகிட்ட ஐடென்டி கார்டு கேக்காதீங்க" என்பான்.

போஞ்சிக் கம்பு

பண்டாரவளையில் ஒரு கடை முதலாளி. வீட்டுக்குப் பின்னால் சரிவு முழுக்கக் காட்டுச் சூரியகாந்தி, ஆள் உயரத்துக்கு. வெட்டிச் சாய்த்தோம். கம்புகள் நேராக, நல்ல கனமாக இருந்தன. எரிக்க வேண்டாம், பீன்ஸ் என்கிற போஞ்சிக் கொடிக்கு ஊன்றலாம் என்று முதலாளி ஆசையாக வாங்கி வைத்துக்கொண்டார். அவர் சிக்கனத்தை நானும் மெச்சினேன்.

மழை பெய்தது. போஞ்சி முளைத்துக் கொடி வீசியது. கம்பும் துளிர்த்து இலை விட்டது. வெட்டிய தண்டு செத்துவிட்டது என்று நாங்கள்தான் நினைத்திருக்கிறோம், அது அப்படி நினைக்கவில்லை. முதலாளி தொலைபேசியில் கூப்பிட்டார். திட்டப் போகிறார் என்று பயந்துகொண்டுதான் எடுத்தேன். "தம்பி, இனி போஞ்சியப் பிடுங்கிட்டு கம்புக்கு உரம் போடலாம்னு இருக்கேன், நீங்க என்ன சொல்றீங்க?"

வேலியில் ஒரு வழி

பதுளையில் புஷ்பம் அக்கா வீடும் ரஹீமா டீச்சர் வீடும் அடுத்தடுத்து. நடுவில் வேலி, வேலியில் ஆள் ஒருக்களித்து நுழைகிற அளவுக்கு ஒரு வழி. தீபாவளிக்கு முறுக்கும் பெருநாளைக்கு வட்டிலப்பமும் அதன் வழியாகத்தான் போய் வந்தன. டீச்சர் அழகுக்காகத் தன் வரம்பில் மஞ்சள் பூப் பூக்கிற ஒரு படர்கொடியை வைத்தார். அதுவும் அதே வழியாக அக்கா பக்கம் போனது. போன இடத்தில் அக்காவின் அந்தூரியப் பாத்திகளை மூடிவிட்டது.

முதலில் பேச்சு தடித்தது, பிறகு நின்றே போனது. அக்கா அந்த வழியில் தகரம் வைத்து அடித்துவிட்டார். டீச்சருக்கு அது பெரிய மனக்கஷ்டம். எங்களைக் கூப்பிட்டுத் தன் பக்கக் கொடி முழுவதையும் வேரோடு எடுக்கச் சொன்னார். அக்காவும் அதே வாரம் எங்களையே கூப்பிட்டார். இரண்டு பக்கமும் முள்ளுக்கரண்டி மாதிரியான மண்முள்ளு போட்டுக் கிளறி, கணு கணுவாகப் பொறுக்கிச் சாக்கில் கட்டினோம். வேலை முடிந்ததும் டீச்சர் தகரத்தைப் பார்த்தபடியே கேட்டார்: "இனி கொடி இல்லத்தானே தம்பி, அப்ப அது எதுக்கு?"

மேசன் பாஸ் வருகிறார்

தகரம் அப்படியே இருந்தது. அது போதாதென்று, அக்கா பக்கம் கொடி மறுபடி முளைத்தது. டீச்சர் பக்கம் சுத்தம், ஒரு இலை கிடையாது. அக்காவுக்குச் சந்தேகமே இல்லை, டீச்சர் வீட்டிலிருந்து வேலிக்கு மேலால் கொடியை வீசுகிறார்கள் என்றார். மேசன் பாஸிடம் பேசியாகிவிட்டது, மதில் எழும்பப் போகிறது.

எனக்கு அந்த மதில் வேண்டாம் என்றிருந்தது. எனக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, ஆனாலும் மனசு கேட்கவில்லை. முளைத்த இடங்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். வேலி ஓரத்தில் ஒன்றும் இல்லை. நடைபாதையிலும் இல்லை. ஒவ்வொரு அந்தூரியத்தின் அடியிலும், யார் காலும் படாத மூலையில் மட்டும், சொல்லி வைத்த மாதிரி முளைத்திருந்தது. வேலிக்கு மேலால் வீசுகிறவர் இப்படிப் பார்த்துப் பார்த்தா வீசுவார்? ராசுவிடம் கேட்டேன். "டீச்சர் இல்லையா, ஒழுங்காத்தான் வீசுவாங்க."

சாமிப் பூ

ஒரு காலை வெள்ளெனவே அக்கா வீட்டுக்குப் போய்விட்டோம். புஷ்பம் அக்கா குளித்துவிட்டு, கோயில் பாதையோரத்தில் பறித்த மஞ்சள் பூக்களோடு வந்தார். எங்கள் கொடியேதான்! தோட்டத்தில் இருந்ததை நாங்கள் அழித்துவிட்டதால், பூவுக்கு வெளியே போக வேண்டியதாகிவிட்டதாம். வாடாமல் இருக்கத் தண்டோடு கிள்ளி, சிவப்பு நூலால் கட்டி, சாமி முன்னால் செம்புத் தண்ணீரில் வைப்பார். பழைய பூங்கொத்தை எடுத்துக்கொண்டு நேரே அந்தூரியத்துக்குப் போனார். சாமிக்கு வைத்த பூவைக் குப்பையில் போடக்கூடாது, மிதிபடவும் கூடாது. நம் வீடுகளிலும் அதே வழக்கம்தானே. செடி அடியில், கால் படாத மூலையில் பக்குவமாக வைத்தார்.

நான் குனிந்து பார்த்தேன். தண்ணீரில் நின்ற கணுக்களில் வெள்ளை வெள்ளையாக வேர். பக்குவமாகத்தான் சொல்ல நினைத்தேன். ராசு முந்திக்கொண்டு, சாமிப் பூவில்தான் களை வருகிறது என்று போட்டு உடைத்துவிட்டான். அக்கா அந்த வேரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "சாமிகிட்ட வச்சதுக்கு உசிர் வந்திருக்கு, அதப் போயி களைங்கிறீங்களே."

சிவப்பு நூல்

மம்பட்டியை வைத்துவிட்டுக் கையாலேயே ஒரு முளையைத் தோண்டினேன். அடியில் சிவப்பு நூல் சுற்றியிருந்தது. அடுத்த முளையிலும் நூல். அக்கா மூன்றாவதைத் தானே தோண்டினார். நூலை விரலில் சுற்றிக்கொண்டு எழுந்தார். மேசன் பாஸ் அளவெடுக்க வந்தபோது, மதில் வேண்டாம் என்று தேத்தண்ணீர் மட்டும் கொடுத்து அனுப்பினார்.

டீச்சரிடம் என்னைச் சொல்லச் சொன்னார். களை எடுப்பது மட்டும்தான் என் வேலை என்று சொல்லிவிட்டேன். கடைசியில் அவரே போய்த் தகரத்தைத் தட்டினார். "டீச்சர், கொடிய வச்சதெல்லாம் நான்தான். ஒங்களப் போயி சொல்லிட்டேன்." அந்தப் பக்கமிருந்து டீச்சரின் குரல் வந்தது, வகுப்பில் பேசுகிற அதே குரல்: "ஒங்க சாமிக்கு எங்கூட்டு செம்பருத்திப் பூ ஆகும்னா காம்பில்லாம பறிச்சுத் தாறேன் புஷ்பம், ஆனா இந்தத் தகரத்துக்குள்ளால எப்படிக் கைய நீட்டுறது?"

களை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் எல்லோரும் பக்கத்து வீட்டைத்தான் காட்டுகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரரும் என்னைத்தான் கூப்பிடுகிறார் என்பதால் எனக்கு அதில் புகார் ஒன்றும் இல்லை.