புல்லிக்குள் பட்டு

"இன்னா சத்தம் வருதுமா?" என்று கேட்டார் தேவசகாயம்.

"ஏதோ ஒரு சத்தம்ணா," என்றாள் மஹாலட்சுமி.

"ஏதோ ஒரு சத்தம்னு எந்த இன்ஜின்லயும் கெடையாதுமா. எங்கேந்து வருது?"

"முன்சீட்டுக்கு அடியில."

சீட்டுக்கு அடியில் இருப்பதே இன்ஜின்தானே என்று சொல்லிவிட்டு, வேன் நிற்கும்போது வருகிறதா, ஓடும்போது வருகிறதா என்று கேட்டார். நிற்கும்போதுதான் அதிகம், வேகம் எடுத்தால் அடங்கிவிடுகிறது என்றாள். காலையில் முதன்முதலாக ஸ்டார்ட் செய்யும்போதா, சூடான பிறகா? இரண்டு வேளையும். எத்தனை நாளாக? ஒரு வாரம் இருக்கும். கேள்விக்குப் பத்து வார்த்தையும் பதிலுக்கு இரண்டு வார்த்தையுமாகப் பேச்சு நகர்ந்தது. தேவசகாயம் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"இவ்ளோ சிக்கனமா பேசினா வண்டிக்கு ஜொரமா சளியான்னு நான் எப்பிடிம்மா கண்டுபுடிக்கிறது? எது மாதிரி இருக்குது, அத்த சொல்லு."

மஹாலட்சுமி யோசித்தாள். "தறியில நூல இழுத்துக்கிட்டு நாடா ஓடிப்போயி பெட்டியில முட்டுமே, அது மாதிரி. ஆனா ஒரே சீரா இல்ல. நெய்யத் தெரியாதவங்க உக்காந்தா முட்டுமே, அப்பிடி."

"பாத்தியா, வாயத் தொறந்தா ஒரு தறியே வந்துடுச்சு," என்று சிரித்தார் அவர்.

சீட்டைத் தூக்கி, பெல்ட்டை விரலால் அமுக்கிப் பார்த்தார். தொய்ந்திருந்தது. இழுத்துக் கட்டினார். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. கிளம்பும்போது, "வேற ஒண்ணும் கோளாறு இல்லியேண்ணா?" என்று கேட்டாள்.

"சரிம்மா, போய்ட்டு வா," என்றார் தேவசகாயம்.

கேட்டதும் சொன்னதும் பொருந்தவில்லை என்பது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை. இன்னொன்றும் உறைக்கவில்லை. அவ்வளவு கேள்வி கேட்டவர், இன்ஜினை ஓடவிட்டு ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்கவே இல்லை.

காஞ்சிபுரத்திலிருந்து ஓரிக்கை போகிற சாலையில், டயர் கடைக்கும் தண்ணீர் கேன் குடோனுக்கும் நடுவே இருக்கிறது தேவசகாயத்தின் தகரக் கொட்டகை. சொந்த ஊர் ஐயம்பேட்டை. அவருடைய தாத்தாவும் அப்பாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள், அறுத்தவர்கள். அவர்களுக்கென்று ஒரு வரப்புகூட இருந்ததில்லை. தேவசகாயம் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அம்பத்தூரில் ஒரு ஷெட்டுக்குப் போனார். பன்னிரண்டு வருடம் அங்கே குப்புறப் படுத்தும் மல்லாந்து படுத்தும் கற்றுக்கொண்ட வேலையைக் கல்யாணத்துக்குப் பிறகு இங்கே கொண்டுவந்தார். மனைவி ஏஞ்சல் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறாள். கிறிஸ்துமஸ் வந்தால் கோயில் ஜெனரேட்டருக்கு எண்ணெய் மாற்றிக் கொடுப்பது அவர் காணிக்கை.

கழற்றிய போல்ட் எதையும் அவர் எறிந்ததில்லை. அளவுவாரியாக ஊறுகாய் பாட்டில்களில் போட்டு வரிசையாக வைத்திருப்பார். நெசவுக்காரர்கள் அன்பாகக் கொண்டுவந்து கொடுக்கும் பட்டுக் கழிவில் மட்டும் கை துடைக்க மாட்டார். "பட்டு எண்ணெ குடிக்காதுபா. பணக்கார வூட்டு விருந்தாளி மாதிரி, தொட்டு வெச்சிட்டு எழுந்துடும்," என்பார்.

ஊரில் அவர் பெயர் நின்றது காதில்தான். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும், சாலையில் போகிற வண்டி யாருடையது, அதற்கு எந்த பேரிங் போகப்போகிறது என்று சொல்லிவிடுவார். பட்டுக் கடை டிரைவர்கள் அவரிடம் பந்தயம் வைத்துத் தோற்றிருக்கிறார்கள். பிள்ளையார்பாளையத்தில் நெசவு செய்யும் சிவபாலன், தன் பழைய வெள்ளை வேனைப் பதினோரு வருடமாக வேறு எந்தக் கைக்கும் விட்டதில்லை. தறிக்குப் பாவு நூல் கொண்டுவரவும், நெய்த சேலையை நெசவாளர் சொசைட்டிக்குக் கொண்டுபோகவும் அந்த வேன்தான். அவர் பெண் மஹாலட்சுமி ஏனாத்தூரில் ஒரு நூலகத்தில் வேலை செய்கிறாள். இப்போது பெரும்பாலும் ஓட்டுவது அவள்தான். சிவபாலன் ஒரு மெக்கானிக்கை நல்லவன் என்று சொன்னால் அவர் தெருவே அந்த ஷெட்டுக்குப் போகும். அவனுக்குக் கை விட்டுப்போயிற்று என்று சொன்னால் தெருவே விலகிவிடும்.

பெல்ட்டை இழுத்துக் கட்டிய மூன்றாம் நாள் சத்தம் திரும்பிவிட்டது. மறுபடியும் போய்ச் சொல்ல மஹாலட்சுமிக்குக் கூச்சம். ஒருமுறை சரிசெய்தவரிடம் சரியாகவில்லை என்று சொல்வது அவர் முகத்துக்கு நேராகக் குறை சொல்வது போலிருக்குமே என்று தள்ளிப்போட்டாள். அதற்குள் சிவபாலனே சீட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டார். இன்ஜின் தண்டின் முனையில் இருக்கும் கிராங்க் புல்லி, பெல்ட்டைச் சுற்றிவிடுகிற சக்கரம், கையால் தொட்டாலே ஆடியது.

தறியில் எது ஆடினாலும் சிவபாலனுக்கு ஒரே வைத்தியம்தான். பட்டுக் கழிவைக் கஞ்சியில் நனைத்து, ஆடுகிற இடத்தில் இறுகச் சுற்றி, காயவிடுவார். காய்ந்தால் கல் மாதிரி பிடித்துக்கொள்ளும். அதே வைத்தியத்தைப் புல்லிக்கும் செய்தார். போல்ட்டைக் கழற்றி, தண்டுக்கும் புல்லிக்கும் நடுவே மாம்பழ நிறப் பட்டுக் கழிவைத் திணித்து, மறுபடி முடுக்கி, ஒரு பகல் வெயிலில் நிறுத்தினார். சத்தம் அடங்கிவிட்டது. மெக்கானிக் கைக்கு வராதது நெசவுக்காரன் கைக்கு வந்தது என்று சொசைட்டியில் நாலு பேரிடம் சொல்லியும் ஆயிற்று. தேவா முன்போல இல்லை என்று ஒரு டிரைவர் அப்போதே அதற்கு ஒத்து ஊதினாராம்.

பட்டு வைத்த ஆறாம் நாள் காலை, மஹாலட்சுமி வேலைக்கு ஓட்டிப்போகையில், ஏனாத்தூருக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது, சிவப்பு விளக்கு எரிந்தது. பெல்ட் சரியாகச் சுற்றாததால் இன்ஜின் சூடு ஏறி ஆவி கிளம்பியது. அதோடு ஒரு நாற்றம், முடி பொசுங்குகிற நாற்றம். பட்டு அசலா போலியா என்று ஓர் இழையைக் கொளுத்திப் பார்க்கிற வீட்டில் வளர்ந்தவள் அவள். இன்ஜினுக்குள்ளிருந்து அசல் பட்டு எரிகிற வாசனை வந்தால் என்ன அர்த்தம் என்று யோசிக்க அவளுக்கு நேரம் பிடிக்கவில்லை.

தேவசகாயம் ஷேர் ஆட்டோ ஒன்றைக் கயிறோடு கூட்டிக்கொண்டு வந்து வேனை இழுத்துப்போனார். ஷெட்டில் மூன்று டிரைவர்கள் தங்கள் வண்டிகளுக்காகக் காத்திருந்தார்கள். செய்தி கேட்டுச் சிவபாலனும் வந்துவிட்டார். புல்லியின் நடு போல்ட்டைக் கழற்ற நீளக் குழாய் மாட்டி இருவர் தொங்க வேண்டும். அது இப்போது ஒற்றைக் கைத் திருகலுக்கே வந்துவிட்டது. புல்லியை உருவியதும் பாதி கருகிய பட்டு உருண்டை ஒன்று தரையில் விழுந்தது.

தேவசகாயம் அதை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "பதினோரு வருஷம் ஆச்சுதே, வண்டிக்கு ஒரு முகூர்த்தப் பொடவ எடுத்துத் தரலாம்னு தோணிச்சாண்ணே?"

டிரைவர்கள் சிரித்தார்கள். சிவபாலன் கூரைத் தகரத்தைப் பார்த்தார். அப்போ கோளாறே இந்தப் பட்டுதானா என்று ஒரு டிரைவர் கேட்க, மற்ற இருவரும் பின்னே என்ன என்றார்கள். இன்ஜினுக்குக் கஞ்சி போட்டவர் கதை மாலைக்குள் ஊர் முழுக்கப் போய்விடும் போலிருந்தது.  

தேவசகாயம் இன்னும் தண்டின் முனையையே பார்த்துக்கொண்டிருந்தார். புல்லி தண்டோடு சேர்ந்து சுழல, இரண்டுக்கும் நடுவே விரல் நுனி அளவில் ஓர் இரும்புத் துண்டு உண்டு. கீ என்பார்கள். அந்தக் கீ பாதியாகத் தேய்ந்திருந்தது. அது உட்காரும் பள்ளம் ஒரு பக்கம் அகன்று, கண்ணாடிபோல மினுங்கியது. ஆறு நாளில் இரும்பு அப்படி மினுங்காது. அது தெரிந்தவர் அங்கே அவர் ஒருவர்தான். பழி தானாகவே பட்டின்மேல் போய் உட்கார்ந்துவிட்டது. அவர் சும்மா இருந்தால் போதும்.

"பட்டு மேல பழி போடாதீங்கப்பா," என்றார். "அது பாவம், ஆறு நாள் தாங்கிச்சு. இந்தத் தேய்மானம் மாசக் கணக்கு. இந்தப் பொண்ணு வந்த அன்னிக்கே முட்டிக்கினுதான் இருந்திருக்குது. எனக்குக் கேக்கல."

"கேக்கலன்னா?" என்றார் சிவபாலன்.

"காது கேக்கலண்ணே. ஒரு வருஷமா. இந்தப் பக்கம் சுத்தமா போச்சு, அந்தப் பக்கம் பாதி இருக்குது." இடது காதைத் தொட்டுக் காட்டினார். "எப்பிடி வெளிய சொல்றது? இத்த வெச்சிதான பொழைக்கிறேன்."

 ஒரு டிரைவர் போனை எடுத்துப் பார்த்தார். அன்று கிளம்பும்போது தான் அவருடைய இடது பக்கம் நின்று கேட்டதும், அவர் சரிம்மா என்று தலையாட்டியதும் மஹாலட்சுமிக்கு நினைவுக்கு வந்தன. எது மாதிரி இருக்குது என்று அவர் தன்னைத் துருவித் துருவிக் கேட்டது விளையாட்டுக்கு இல்லை என்பதும் புரிந்தது. அவருக்குக் கேட்காததை அவள் வாயிலிருந்து வாங்கப் பார்த்திருக்கிறார். அவளோ இரண்டிரண்டு வார்த்தையாகக் கிள்ளிக் கொடுத்திருக்கிறாள்.

அந்த வேலையை அவர் இரண்டு நாள் செய்தார். புதுப் புல்லி வாங்கினார். தண்டின் பள்ளம் அகன்றுவிட்டதால் கடைக் கீ அதில் ஆடும். லேத் பட்டறையில் படி வைத்த கீ ஒன்று கடைந்து வாங்கினார். தண்டுக்குள் உட்காரும் பாதி தடிமன், புல்லிக்குள் உட்காரும் பாதி மெலிசு. வைத்துப் பார்ப்பார், எடுப்பார், அரம் போடுவார், மறுபடி வைப்பார். ஐந்தாம் தடவை அது சுத்தியால் மெல்லத் தட்டினால் மட்டுமே இறங்கும் அளவுக்கு வந்தது. பழைய போல்ட்டைப் பாட்டிலில் போட்டுவிட்டுப் புது போல்ட் மாட்டி, குழாய் போட்டு முடுக்கினார். கடைசியில் போல்ட்டின் தலையிலிருந்து புல்லி வரைக்கும் மஞ்சள் பெயின்ட்டில் ஒரு கோடு இழுத்தார். இனி ஒரு மயிரளவு நகர்ந்தாலும் கோடு உடைந்து காட்டிவிடும். காது விட்டதைக் கண் பிடிக்கட்டும் என்றார்.

இரண்டு நாள் மாலையும் சிவபாலன் வந்து ஒரு பழைய டயரின்மேல் உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டு வந்தவர் இல்லை.  ஒரே ஒருமுறை மட்டும், "நான் வெச்சது ரெண்டாந்தரக் கழிவு தேவா. நல்ல பட்டா வெச்சிருந்தா நின்னிருக்கும்," என்றார். தேவசகாயம் அவரைத் திரும்பச் சொல்லவைத்துக் கேட்டுவிட்டு, வெகுநேரம் சிரித்தார்.

அன்று இருந்த மூன்று டிரைவர்களில் ஒருவர் பிறகு அந்தப் பக்கம் வரவில்லை. மற்ற இருவரும் வருகிறார்கள். வலது பக்கமாக நின்று, ஏலம் விடுகிறவர்களைப் போலக் கத்துகிறார்கள். சொசைட்டியில் சிவபாலனே பட்டுக் கதையைத் தன் வாயால் சொல்லி, தேவா சொன்னதையும் சேர்த்துச் சொன்னார். தெரு இன்றைக்கும் அந்த ஷெட்டுக்குத்தான் போகிறது. ஆஸ்பத்திரியில் கொடுத்த காது மெஷினைத் தேவசகாயம் பேச்சுக்கு மாட்டிக்கொள்கிறார், இன்ஜின் பக்கம் போனால் கழற்றிப் பையில் போட்டுக்கொள்கிறார். ஏஞ்சலுக்குத்தான் இதில் மனக்குறை. பதினெட்டு வருஷமா நான் கூப்பிட்டது கேக்கலியே, அதுல ஒரு வருஷத்துக்குத்தான இந்த டாக்டர் சீட்டு, மீதிக்கு எங்க சீட்டு என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

மஹாலட்சுமி இப்போதும் குறைவாகத்தான் பேசுகிறாள், நூலகத்துக்கு அது தோதாகவும் இருக்கிறது. அந்த ஷெட்டுக்குள் நுழைந்தால் மட்டும் அவள் குரல் ஏறிவிடுகிறது. வேலை முடிந்த அந்த இரண்டாம் நாள் மாலை ஏறிய குரல் அது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. தேவசகாயம் நீள ஸ்க்ரூ டிரைவரின் நுனியை இன்ஜின்மேல் ஊன்றி, பிடியைப் பல்லில் கடித்து, எலும்பின் வழியாக அதிர்வைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவள் அப்பாவும் அந்த டிரைவர்களில் இருவரும் நின்றார்கள். அவள் பழக்கதோஷத்தில் இடது பக்கம் போய், வழக்கமான குரலில் ஏதோ சொன்னாள். அவர் ஸ்க்ரூ டிரைவரை வாயிலிருந்து எடுத்தார். எல்லாரும் பார்க்க, வலது காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டார்.

"இந்தப் பக்கம் வாம்மா," என்றார். "வந்து, நாடா இன்னும் முட்டுதா இல்லியான்னு நல்லா கேட்டு, எனக்கு வெளங்கற மாதிரி சத்தமா சொல்லு."