பார்க்கலாம் என்றொரு அம்பு

கயல்விழி எம்.எஸ். வேர்டில் படம் போடுவதைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும். காங்கேயத்தில் எங்கள் தேங்காய் எண்ணெய் மில்லில் அவள் கம்ப்யூட்டர், நான் எடைமேடை. இரண்டு பேருக்கும் ஒரே அறை. ஒருமுறை நானும் இரண்டு பெட்டி வரைந்து நடுவில் ஓர் அம்பு இழுத்தேன். மேலே ஒரு வரி தட்டியதும் பெட்டிகள் கீழே போய்விட்டன, அம்பு மட்டும் அங்கேயே நின்றது.

"கேன்வாஸ்னு ஒரு கட்டம் போட்டு அதுக்குள்ள வரையோணுங்கண்ணா. இல்லீன்னா இப்படித்தான், ஒண்ணு போனா ஒண்ணு வராது" என்று சிரித்தாள்.

எதற்கெடுத்தாலும் ஃப்ளோசார்ட்தான் அவளுக்கு. லோடு ஏற்றுவதற்கு ஒன்று, மோட்டார் நின்றுபோனால் யாரைக் கூப்பிடுவது என்று ஒன்று. அவள் வீட்டு ஃப்ரிட்ஜின் மேல், மகள் பள்ளிக்குக் கிளம்புவதற்கும் ஒன்று ஒட்டியிருக்கிறது.

இவ்வளவு கெட்டிக்காரி ஆறு வருடமாகத் தற்காலிக வேலையில்தான் இருந்தாள். ஒவ்வொரு பொங்கலுக்கும் முதலாளி மருதாசலத்திடம் போய் நிரந்தரம் செய்யச் சொல்லிக் கேட்பாள். அவரும் முகம் கோணாமல் "பார்க்கலாம் அம்மணி" என்பார். திரும்பி வந்து அடுத்த பெட்டியை வரைவாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

மனிதர் கெட்டவர் இல்லை. யாரிடமும் இல்லை என்று சொல்ல வராது, அவ்வளவுதான். ஈரக் கொப்பரை கொண்டுவருகிறவரிடமும் "பார்க்கலாமுங்க" என்பார். மூட்டையை அவிழ்த்துக் களத்தில் காயப்போடுவோம், ஈரம் பார்ப்போம், மறுபடி காயப்போடுவோம்.

போன ஆனியில் உணவுப் பாதுகாப்புச் சான்றிதழுக்காக வேலைமுறையைப் படமாகக் கேட்டார்கள். கயல்விழி சாய்சதுரம் போட்டு "கொப்பரை காய்ந்திருக்கிறதா?" என்று எழுதினாள். 'ஆம்' என்ற அம்பு ஆட்டும் எந்திரத்துக்குப் போனது. மற்றதில் 'இல்லை' என்று எழுத முதலாளி விடவில்லை.

"அப்படி மொட்டையா எழுதாதீங்க அம்மணி. சனம் சங்கடப்படும்."

அவள் 'பார்க்கலாம்' என்று எழுதி, அம்பைக் களத்துக்கு வளைத்து, மறுபடி அதே கேள்வியில் கொண்டுவந்து ஒட்டினாள். நடப்பது அதுதானே!

ஆய்வுக்குக் கோயம்புத்தூரிலிருந்து வந்த சஃபியா மேடம் அந்த அம்பின் மேல் விரல் வைத்து மூன்று முறை சுற்றினார்.

"இது எப்பத்தானுங்க முடியும்?"

முதலாளி என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"எத்தனை சுத்துன்னு எழுதுங்க. அதுக்கு மேல ஆமா, இல்லை, ரெண்டுல ஒண்ணுதான். அதை யார் சொல்றதுன்னும் போடோணும்."

முதலாளி தலையைச் சொறிந்தார். "மூணு சுத்துன்னு போடுங்க அம்மணி. சொல்றது நான்னு போட்டுருங்க."

கயல்விழி அங்கேயே உட்கார்ந்து இன்னொரு சாய்சதுரம் சேர்த்தாள். அம்புகள் இடம் மாறாமல் ஒட்டிக்கொண்டன. பிரிண்ட் எடுத்ததும் முதலாளியும் மேடமும் கையெழுத்துப் போட்டார்கள்.

மேடத்தின் கார் கிளம்பியதும் எல்லாருக்கும் டீ வந்தது. கயல்விழி டீயைத் தொடவில்லை. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு முதலாளியின் மேசைக்குப் போனாள்.

"ஏனுங்கய்யா, எனக்கு ஆறு சுத்து ஆயிப்போச்சுங்க. ஆமுங்களா, இல்லீங்களா?"

"பார்க்..." என்று ஆரம்பித்த முதலாளி, தாளில் இருந்த தன் கையெழுத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"ஆமுங்க அம்மணி" என்றார் கடைசியில்.

அவள் அந்தத் தாளுக்கு அடியிலிருந்து இன்னொரு தாளை உருவி அவர் முன்னால் வைத்தாள். பணி நிரந்தர ஆணை, அன்றைய தேதியோடு டைப் செய்திருந்தது.

"இதுலயும் ஒரு கையெழுத்துப் போட்டுருங்க."