வளைந்த முள்ளும் ஐந்து சாக்பீஸும்

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் மூன்று பேர்: அப்பா, அம்மாவின் தம்பியான என் மாமா, ஒன்பது வயது நான். இல்லாதவர் அம்மா. அவர் மட்டும் கூட வந்திருந்தால் சொல்வதற்கு எதுவுமே நடந்திருக்காது. நேராக பஸ் ஏறி க்யிம்யிண்டைங் சந்தையில் இறங்கி, சார்ஜ் ஃபேனை வாங்கிக்கொண்டு இருட்டுவதற்குள் எங்கள் பேட்டையான தாகேதாவுக்குத் திரும்பியிருப்போம்.

அம்மா ஆறு மாதத் தம்பியோடு வீட்டில் இருந்தார். கோடைக்காலம். கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. தம்பிக்குக் கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு. இரண்டு வாரமாக அவன் சேர்ந்தாற்போல் ஒரு மணி நேரம் தூங்கியதில்லை. அட்டையால் விசிறி விசிறி அம்மாவுக்கு மணிக்கட்டு வீங்கிவிட்டது. பால்மாவு டப்பாவில் சேர்த்து வைத்திருந்த பதினைந்தாயிரம் கியாட்டை, அதாவது எங்கள் பர்மியப் பணத்தை, எடுத்து அப்பாவின் சட்டைப்பையில் வைத்து ஊக்கு குத்தினார்.

"பன்னெண்டாயிரத்துக்கு மேல ஒரு காசு குடுக்காதீங்க. மிச்சத்துல புள்ளைக்குப் பவுடர். எங்கயும் நிக்காம வாங்க."

நாங்கள் நின்றோம். பஸ் ஏறும் இடத்துக்குப் பக்கத்திலேயே பயா திருவிழா நடந்துகொண்டிருந்தது. பயா என்றால் எங்கள் ஊரில் புத்தர் கோயில். ராட்டினம், பொரித்த பலகாரம், ஒலிபெருக்கி. இவற்றுக்கு நடுவே காற்றுத்துப்பாக்கிக் கடை. பன்னிரண்டு அடி தள்ளி ஒரு மரப்பலகை. அதன் முன்னால் ஐந்து சாக்பீஸ்கள் நட்டுக்குத்தாக நின்றன. குண்டுகளைச் சின்னத் தட்டில் வைத்துத் தருவார்கள், ஒரு தட்டுக்கு ஐந்து. ஐந்தையும் உடைத்தால் மேல்தட்டுப் பரிசு. அந்த மேல்தட்டில் நீல நிறத்தில், பெட்டி பிரிக்காமல் உட்கார்ந்திருந்தது ஒரு சார்ஜ் ஃபேன்.

மாமா ஃபேனைப் பார்த்தார். பிறகு துப்பாக்கிகளைப் பார்த்தார். இரண்டு வகை இருந்தன. ஒன்று வெறும் துப்பாக்கி: குறிபார்க்கப் பின்னால் ஒரு பிளவு, குழலின் நுனியில் ஒரு முள், அவ்வளவுதான். தட்டு ஐந்நூறு. மற்றதில் மேலே கறுப்பாக, குறிபார்க்கும் கண்ணாடியான ஸ்கோப் பொருத்தியிருந்தது. தட்டு ஆயிரம்.

"மச்சான், ஆயிரத்துல முடியற வேலைக்கு எதுக்குப் பன்னெண்டாயிரம்?"

மாமாவுக்கு ஸ்கோப் என்றால் தனி பக்தி. ஷ்வேப்யிதாவில் அவர் வேலை பார்த்த செருப்புத் தொழிற்சாலையின் முதலாளி மகனோடு ஒருமுறை மலைக்காட்டுக்குப் பன்றி வேட்டைக்குப் போயிருக்கிறார். மூட்டை தூக்கத்தான் போனார் என்பது அம்மாவின் கட்சி. ஆனால் மாமா சொல்லச் சொல்ல, அந்தப் பன்றி மெல்ல மெல்ல முதலாளி மகன் கையிலிருந்து மாமா கைக்கு வந்து செத்தது. அப்பாவோ கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு வருடம் மோன் மாநிலத்து ரப்பர்த் தோட்டத்தில் பன்றி விரட்டும் காவல்காரராக இருந்தவர். அவர் கையில் இருந்தது முள் வைத்த பழைய துப்பாக்கி. எங்கள் வீட்டுச் சோற்றுத்தட்டுகளுக்கு மேலே இந்தச் சண்டை பல தடவை நடந்திருக்கிறது. கண்ணாடி வேண்டுமா, முள் போதுமா?

"கண்ணாடி வச்சா பன்னியோட கண் இமை தெரியும் மச்சான்."

"இமை தெரிஞ்சு என்ன, பன்னி தெரிய வேணாமா? பக்கத்துப் புதர்ல இன்னொண்ணு வந்தா உனக்குத் தெரியாது."

அன்றைக்கு அப்பா மறுத்திருக்கலாம். ஒரே ஒரு தட்டு என்று மாமா கேட்டபோது அவர் ஊக்கைக் கழற்றிவிட்டார்.

மாமா முதல் தட்டில் ஒரு சாக்பீஸையும் உடைக்கவில்லை. இரண்டாவதிலும் இல்லை. குண்டுகள் எல்லாம் சாக்பீஸ்கள் நின்ற கட்டைக்குள் வரிசையாகப் போய்ப் புதைந்தன.

"மாப்ள, கண்ணாடி மேல இருக்கு, குழாய் ரெண்டு விரக்கடை கீழ இருக்கு. இவ்வளவு கிட்டத்துல ரெண்டும் ஒண்ணு சேராது. கொஞ்சம் மேல புடி," என்றார் அப்பா.

"கண்ணாடிக்குள்ள தெரியற கோட்டை எங்க வைக்கிறோமோ அங்க போறதுக்குத்தான் கண்ணாடியே. மேல புடிக்கணும்னா அது என்ன கண்ணாடி?"

மாமா மேலே பிடித்தும் பார்த்தார், அப்பா சொன்னதற்காக இல்லை, தானாகவே தோன்றியதுபோல். அப்போது ஸ்கோப்புக்குள் பெரிதாகத் தெரிந்த சாக்பீஸ் அவர் மூச்சுக்கு மூச்சு ஆடியது. கடைக்காரர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "இன்னும் ஒண்ணு, அக்கோ. கைக்கு வந்துடுச்சு" என்று பர்மியத்தில் உற்சாகப்படுத்தினார். பர்மியர்கள் அண்ணனைக் கூப்பிடும் அந்த அன்பான சொல் ஒவ்வொன்றுக்கும் எங்களுக்கு ஆயிரம் செலவானது. பத்தாவது தட்டில் மாமா இரண்டு சாக்பீஸை உடைத்துவிட்டு நிமிர்ந்தபோது அவருடைய சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. எங்களிடம் ஐயாயிரம் மிச்சம். ஐயாயிரத்துக்கு ஃபேன் எங்கும் கிடையாது. விஷயம் புரியாமல் அதற்குள் நான் ஐந்நூறுக்குக் கரும்புச்சாறு குடித்துவிட்டேன்.

வீட்டில் தம்பியின் அழுகை எனக்கு இங்கேயே கேட்பதுபோல் இருந்தது.

அப்பா வெறும் துப்பாக்கியைக் கையில் எடுத்தார். முதலில் சுடவில்லை. அவர் கொத்தனார். சுவர் நேராக இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்ப்பாரே, அதேபோல் குழலை நீளவாக்கில் வைத்துப் பார்த்தார். நுனி முள் வலப்பக்கமாகச் சாய்ந்திருந்தது. வேண்டுமென்றே சாய்த்திருந்தார்கள் என்பதே சரி.

முதல் தட்டில் ஐந்து குண்டும் வீண். ஆனால் ஐந்தும் சாக்பீஸுக்கு இடப்பக்கம், ஒரே அளவு தள்ளிப் பலகையில் விழுந்திருந்தன.

"ரெண்டு நூல்," என்றார் அப்பா. கொத்தனார்களுக்கு ஓர் அங்குலம் எட்டு நூல்.

"முள்ளு கோணல்னு அவன்கிட்ட சண்டை போடுங்க மச்சான்!"

"எதுக்கு? கோணல் கோணலாவே இருக்கட்டும். மாறாம இருந்தா போதும்."

அடுத்த தட்டிலிருந்து அப்பா சாக்பீஸைக் குறிபார்க்கவில்லை. அதற்கு வலப்புறம் இரண்டு நூல் தள்ளி வெறும் பலகையைக் குறிபார்த்தார். ஒன்று உடைந்தது. பிறகு இரண்டு, மூன்று. ஏழாவது தட்டில் நான்கு. எட்டாவதிலும் நான்கு, கடைசிக் குண்டின்போது பக்கத்தில் யாரோ தும்மிவிட்டார்கள். சட்டைப்பையில் ஒரே ஒரு ஐந்நூறு நோட்டு இருந்தது. அப்பா அதைக் கையில் வைத்துக்கொண்டு பஸ் நிற்கும் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு கொடுத்தார்.

முதல் சாக்பீஸ் பொடியாகப் பறந்தது. இரண்டாவதும் பறந்தது. மூன்றாவது உடைந்தபோது ராட்டினத்துக்கு நின்ற கூட்டம்கூட இங்கே திரும்பியது. கடைக்காரர் சட்டென்று கையை நீட்டித் துப்பாக்கியைப் பிடித்தார்.

"அக்கோ, இதுல ஸ்பிரிங் தளர்ந்துபோச்சு. வேற தர்றேன், புதுசு."

அப்பாவின் கை தளர்ந்தது. வேறு துப்பாக்கி என்றால் வேறு முள், வேறு கோணல். அதைக் கண்டுபிடிக்கக் கையில் தட்டும் இல்லை, காசும் இல்லை. ஆனாலும் கடை அந்த ஆளுடையது, அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது, எழுதிப் போட்ட சட்டத்துக்கு எப்போதும் பயம். துப்பாக்கி பாதி தூரம் அவர் கையைவிட்டுப் போய்விட்டது.

கடைக்காரரின் தலைக்கு மேலேயே ஒரு தகரப் பலகை தொங்கியது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கண்ணில் பட்ட எழுத்தையெல்லாம் படித்து எல்லோரையும் தொந்தரவு செய்கிற வயது அது. கரும்புச்சாறு குடிக்கும்போதே அந்தப் பலகையை மூன்று முறை படித்திருந்தேன். இப்போது வகுப்பில் வாத்தியார் எழுப்பிவிட்டதுபோல் நிமிர்ந்து நின்று, பர்மியத்தில், உரக்கப் படித்தேன்:

"ஒரு தட்டுக்கு ஒரு துப்பாக்கி. நடுவில் மாற்றக் கூடாது."

வாடிக்கையாளர்களுக்காக அவரே எழுதி வைத்த சட்டம். கூட்டம் ஓவென்று சிரித்தது. "புள்ள சரியாப் படிக்குதே, ஐயா! உன் பலகைதானே?" என்று யாரோ கத்தினார்கள். கடைக்காரர் என்னைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், கையை எடுத்துக்கொண்டார்.

நான்காவது உடைந்தது.

ஐந்தாவதற்கு அப்பா ரொம்ப நேரம் எடுத்தார். மாமா என் தோளைப் பிடித்திருந்த பிடியில் விரல் தடம் பதிந்துவிட்டது. சத்தம் கேட்டதும் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது வெள்ளைத் தூள் மட்டும் காற்றில் நின்றது.

மாமா என்னைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினார். முன்பின் தெரியாதவர்கள் அப்பாவின் கையைக் குலுக்கினார்கள். ஃபேன் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மாமா முன்னால் நடக்க, நாங்கள் நடுத்தெருவில் ராஜா மாதிரி வீட்டுக்கு நடந்தோம். சந்துமுனைக்கு வருவதற்குள் மாமாவின் பேச்சில் "நாம சுட்டோம்" என்று வந்துவிட்டது. அப்பா அங்கே நின்றார்.

"வீட்ல, கடையில வாங்கினதுன்னுதான் சொல்லணும். ரெண்டு பேரும்."

"ஏம்ப்பா? நீங்க அஞ்சும் அடிச்சீங்களே! நான் படிச்சேனே!"

"சொல்லாத." அதோடு அப்பா நடக்க ஆரம்பித்தார்.

ஃபேனைப் போட்டதும் தம்பி இரண்டு நிமிடம் அதையே வியப்பாகப் பார்த்தான். பிறகு தூங்கினான். காலை வரைக்கும் தூங்கினான். அம்மா வீங்கிய மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே, முகமெல்லாம் சிரிப்பாக, விலை கேட்டார். அப்பா சொன்னார்.

"அடப்பாவமே! ஒரு வார்த்தை பேரம் பேசினா வாயில இருந்து முத்தா உதிர்ந்துடும்? பவுடர் எங்க? கூட ஒரு தடிப்பய போனானே, அவனாவது பேசக் கூடாது?"

மாமா கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா சிரித்தபடி, ஏமாந்த மனிதனாகவே, சாப்பிட உட்கார்ந்தார். எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. ஊரே கைகுலுக்கிய ஒரு மனிதர் வீட்டில் எதற்காக அசட்டுப் பட்டம் வாங்க வேண்டும்? கடைசித் தட்டின் கதையைச் சொன்னால், மாமாவின் பத்துத் தட்டும் அதன் பின்னாலேயே வீட்டுக்குள் வந்து உட்காரும் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

ஃபேன் இரண்டு மழைக்காலம் ஓடிவிட்டு நின்றது. அம்மா நிற்கவில்லை. கல்யாண வீடுகளில், பேரம் பற்றிப் பேச்சு வந்தால் இன்றைக்கும் அப்பாவைக் காட்டிச் சொல்வார்: பன்னிரண்டாயிரம் பெறுமான ஃபேனுக்கு இந்த மனிதர் கொடுத்தது பதினைந்தாயிரம் கியாட்.