வெர்லின் உயர்த்திய வண்டி

நிலக்கரிச் சுரங்கம் வெர்லின் கட்லிப்புக்குக் கடைசியாகக் கொடுத்து அனுப்பியது ஒரு கெட்டுப்போன முதுகு. அந்த முதுகை வைத்துக்கொண்டுதான் மனுஷன் கோடை முழுக்கப் பழைய பிக்கப் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தார்.

எல்லாம் அந்த ஓடையால் வந்த வினை. வீட்டிலிருந்து தார் ரோட்டுக்குப் போக வேண்டுமென்றால் அதற்குள் இறங்கித்தான் ஏற வேண்டும். ஒற்றை வீட்டுக்கு யார் பாலம் கட்டித் தருவார்கள்? மனைவி ஓலெட்டாவுக்கு வாரம் மூன்று நாள் டவுனில் டயாலிசிஸ். ஓடையில் தண்ணீர் குறைவாக இருக்கும் நாட்களில் அவர்களுடைய தாழ்வான சின்னக் கார் போதும். போன வசந்தத்தில் ஓடை பெருகி, போக முடியாமல் போய், அவள் முகமெல்லாம் வீங்கி மூச்சு முட்டியபோது மீட்புப் படகு வந்துதான் தூக்கிப்போனது. இன்னொரு தடவை இப்படி ஆனால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வெள்ளத்தில் எஞ்சின் நனையாமல் ஓடையைத் தாண்ட வண்டியை உயர்த்தும் சாமான்கள் கடையில் கிடைக்கின்றன. ஆனால் அந்த மலைப்பக்கத்து ஆண்களுக்கு அதைக் காசு கொடுத்து வாங்குவது மானக்கேடு. வெர்லின் உடைந்த புல்டோசரிலிருந்து கனத்த இரும்புத் தகட்டை வெட்டி, துளை போட்டு, பட்டை ஸ்பிரிங்குகளைத் தாங்கும் பிராக்கெட்டுகளைத் தானே செய்தார். வண்டியின் அடிச்சட்டத்துக்குக் கீழே வைத்து வெல்டிங் அடித்தார். ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்துவிட, வெட்டியெறிந்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. பக்கத்து மேட்டு வீட்டு டென்சில் சோள ரொட்டியைக் கடித்தபடி வந்து நின்று வேடிக்கை பார்ப்பார். ஒரு ஸ்பானர்கூட எடுத்துக் கொடுக்க மாட்டார்.

"யோவ் வெர்லின், இது வண்டியா, ஒட்டகச்சிவிங்கியா?"

"தண்ணி வரட்டும், அப்ப பாரு."

போன வெள்ளம் மரத்தில் விட்டுப்போன சேற்றுக் கோடு, எஞ்சினின் உயரம், டயரின் உயரம் என்று எல்லாவற்றையும் அளந்தார். ஓலெட்டா கால் தூக்கி வைக்க வேண்டிய உயரத்தை மட்டும் அளக்கவில்லை. அங்கே வண்டி உயர்த்துகிற எந்த ஆண்பிள்ளையும் அதை அளந்ததில்லை.

நவம்பர் மழையில் ஓடை நிரம்பியது. வெர்லின் பெருமையாக வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். ஓலெட்டா கதவைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கினாள். பாதி உயரம்கூட எட்டவில்லை. ஸ்டூல் போட்டார்; அது சேற்றில் புதைந்து சாய்ந்தது. அவளை அப்படியே தூக்கப் பார்த்தார், முதுகு பிடித்துக்கொண்டது. இருவரும் கதவில் சாய்ந்து மூச்சு வாங்கினார்கள்.

"விடு வெர்லின். உள்ள போயிடலாம்."

"இரு, வேற ஏதாவது வச்சு..."

"இந்த டயாலிசிஸ் எல்லாம் எனக்குப் போதும்ப்பா. போன தடவ தண்ணி ஏறினப்ப, போகாம இருக்க ஒரு சாக்கு கெடச்சுதேன்னு நிம்மதியா இருந்துச்சு. உங்கிட்ட சொல்லத்தான் வாய் வரல."

வெர்லினுக்கு முதலில் கோபம்தான் வந்தது. இத்தனை மாதம் மண்ணில் புரண்டவனிடம் இப்போதா சொல்வது? பிறகு கோபம் வடிந்து பயம் பிடித்துக்கொண்டது. இரும்பிடம் மல்லுக்கட்டிய நாட்களில் ஒரு நாள்கூட அவளிடம் உட்கார்ந்து பேசவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அவர் கதவுக்குக் கீழே சேற்றில் மண்டியிட்டு, கைகளை ஊன்றிக் குனிந்தார்.

"இன்னைக்கு மட்டும் வா, ஓலெட்டா."

அவள் மழையில் வெகுநேரம் நின்றாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, அந்த முதுகில் காலை வைத்தாள். வெர்லின் பல்லைக் கடித்துக்கொண்டார்.

வண்டி ஓடையில் இறங்கியது; தண்ணீர் கதவுக்கு அடியிலேயே நின்றுவிட்டது. பிராக்கெட்டுகள் ஒரு முனகல்கூட முனகவில்லை. வேறொரு நாளாக இருந்தால் டென்சிலைக் கூப்பிட்டுப் பீற்றியிருப்பார். ஓலெட்டா ஜன்னல் கண்ணாடியில் தலை சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள். நாளை மறுநாள் திரும்பவும் அவளைக் கேட்க வேண்டும். அன்றைக்கும் "இன்னைக்கு மட்டும் வா" என்றுதான் கேட்க முடியும்.