நாற்பது நிமிட வயல்

இன்று பின்னேரம் சார்ஜர் வாங்கப் போன கடையில் எனக்கு முன்னால் ஒரு மீனவர் நின்றார். கையில் வீடியோ பார்க்கிற சின்ன பிளேயர், உள்ளங்கை அளவு. நாளைக்கு ஆழ்கடலுக்குப் போகிறாராம். திரும்பி வர இரண்டு கிழமையாகும்.

மனைவியின் ஃபோனைக் கொடுத்து, அதிலிருந்த ஒரு வீடியோவை பிளேயரில் ஏற்றித் தரச் சொன்னார்.

"படம் ஒண்டும் போடல்லையா நானா? இடம் நிறைய இரிக்கி," என்று அந்த அண்ணனிடம் கேட்டார் கடைக்காரர்.

"வேணாம் தம்பி. அது மட்டும் போதும்."

சரியாக ஏறியதா என்று கடைக்காரர் ஓடவிட்டுப் பார்த்தார். சவளக்கடை ஊர்ப் பக்கம் இருக்கிற அவர்களுடைய வயலாம். கதிர் வந்த நெல் காற்றில் சாய்ந்து நிமிர்கிறது. ஒரு கொக்கு மெதுவாக நடக்கிறது. வேறொன்றுமில்லை.

"நாப்பது நிமிசமும் வயல்தானா?"

"ஓம். கடல்ல எங்கால பார்த்தாலும் தண்ணிதானே. ஃபோன்ட சார்ஜ அவசரத்துக்கு வெச்சிரிக்கணும். படுக்கக்குள்ள இதப் பார்ப்பன்."

அப்போது வீடியோவுக்குள் ஒரு பெண்குரல் கேட்டது. "போதுமா எண்டு தெரியா. நான் புடிச்சிக்கிட்டே இரிக்கன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். கடைக்காரர் நிறுத்தவில்லை. மூன்று பேரும் அந்தச் சின்ன வயலைப் பார்த்துக்கொண்டே நின்றோம். கடை விசிறியின் காற்று நெல்லைத் தொட்டு வருவதுபோல் இருந்தது. சார்ஜர் வாங்க மறந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து என் ஃபோனைத் துழாவினேன். எத்தனையோ வீடியோக்கள், ஒன்றுகூட இரண்டு நிமிடத்தைத் தாண்டவில்லை.

உங்களுக்காக யாராவது நாற்பது நிமிடம் கை வலிக்க எடுத்த வீடியோ இருந்தால் சொல்லுங்கள். பொறாமைப்பட ஆயத்தமாக இருக்கிறேன்.