இழுவைக்கு இன்னொரு பெயர்

ஸ்லெட் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியைப் புரட்டியவன் எங்கள் தோட்டத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பனியில் ஓடும் சக்கரமில்லாத வண்டி என்று போட்டிருந்தது. டச்சுக்காரர்கள் பக்கத்திலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல்லாம், சறுக்குவது என்ற வினைக்குச் சொந்தமாம். ஜப்பானிய மொழியில் அது ஸொரி. முன்பக்கம் மேலே வளைந்திருப்பதால் வந்த பெயர் என்று ஒருவர் சொன்னார், எனக்கு நிச்சயமில்லை. தோட்டத்துத் தொழிலாளர்கள் குடியிருக்கும் எங்கள் லயத்தில் அதற்கு இழுவை என்று பெயர். அவர்கள் கண்ணில் சறுக்கலும் வளைவும் பட்டிருக்கின்றன, எங்கள் ஜனங்களுக்கு இழுக்கிற ஆள்தான் தெரிந்திருக்கிறது. மேலே உட்கார்ந்து போனவனை வைத்து யாரும் பெயர் சூட்டியதாகத் தெரியவில்லை. அப்படி ஒருமுறை உட்கார்ந்து போனவன் நான்.

மலாயாவில் ஜப்பான்காரன் காலத்தில், சுங்கை பட்டாணி டவுனிலிருந்து ஏழு மைல் உள்ளே, பாலிங் போகிற பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் தமிழ்ப் பள்ளி வாத்தியார். வயது இருபத்திரண்டு. டவுனில் மூன்று மாதம் ஜப்பானிய மொழி படித்துவிட்டு வந்து அதையே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். இன்றைக்கு நான் மனப்பாடம் செய்தது நாளைக்கு அவர்களுக்குப் பாடம், அவ்வளவுதான் என் புலமை. ஆனால் அதற்காக முத்திரை குத்திய ஒரு காகிதம் கொடுத்திருந்தார்கள். அது கையில் இருக்கிறவரை என்னைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துப்போக மாட்டார்கள். என் வயதுக்காரர்கள் முக்கால்வாசிப் பேர் போயிருந்தார்கள். ஒருவரிடமிருந்தும் தகவல் இல்லை. நான் மட்டும் சட்டை கசங்காமல் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன்.

என் வீட்டுக்கு எதிர் லயத்தில் ஓர் அக்கா இருந்தாள். பால்மரம் வெட்டுகிறவள், ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுக்கிற வேலை. அவள் புருஷனும் சயாமுக்குப் போனவன்தான். தோட்டத்து லாரியை ராணுவம் ஓட்டிக்கொண்டு போய்விட்டது, மாடுகளையும் அவிழ்த்துக்கொண்டு போய்விட்டது. மரவள்ளி போட்டிருந்த இடமோ மேட்டில், பள்ளத்தைத் தாண்டி. அக்கா காட்டில் அலைந்து, முனை வளைந்த இரண்டு கிளைகளைத் தேடிப் பிடித்தாள். அடியைச் செதுக்கினாள். ரப்பர் உலர்த்துகிற, அப்போது மூடிக்கிடந்த புகைக்கொட்டகையிலிருந்து பலகை பெயர்த்து மேலே அடித்தாள். கயிற்றைத் தோளில் மாட்டி இழுத்தாள். அவள் வீட்டுக் கிழங்கு மட்டுமில்லை, ஆண் துணை இல்லாத ஐந்தாறு வீட்டுக் கிழங்கும் அதில்தான் இறங்கி வந்தது. அது இல்லையென்றால் எல்லாம் தலைச்சுமைதான். நான்கூட ஒருநாள், லைசென்ஸ் எடுத்தாயிற்றா என்று கேலி செய்தேன். அவள் சிரித்தாள்.

அந்த மழைக்காலத்தில் என் வலது காலில் புண் வந்தது. முதலில் கொசுக்கடி போல இருந்தது, பிறகு எலும்பு தெரிகிற அளவுக்கு ஆழமானது. மருந்தும் இல்லை, கட்டுவதற்குத் துணியும் இல்லை. அந்த நேரம் பார்த்து டவுனிலிருந்து உத்தரவு வந்தது. வாத்தியார்கள் எல்லாரும் நேரில் வந்து ஜப்பானிய மொழிப் பரீட்சை கொடுக்க வேண்டும், வராதவர்களின் காகிதம் செல்லாது. ஏழு மைல் நடக்க என் காலால் ஆகாது. தூக்கிப்போக ஆண்களைக் கேட்டேன். டவுன் பக்கம் தலைகாட்டினால் அப்படியே பிடித்துச் சயாமுக்கு அனுப்பிவிடுவான் என்று அவர்கள் பயந்தார்கள். அது நியாயமான பயம்தான். கடைசியில் அக்கா தானாக வந்து, இழுவையில் உட்காருங்கள், நான் கொண்டுபோய் விடுகிறேன் என்றாள். ஒரு பேச்சுக்குக்கூட நான் வேண்டாமென்று சொல்லவில்லை.

விடிந்ததும் புறப்பட்டோம். சாலையோரத்து ஈரப்புல்லில் அவள் குனிந்து இழுக்க, சுருட்டிய பாயில் சாய்ந்து நான் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். புருஷனைச் சயாமுக்குக் கொடுத்தவள், நான் சயாமுக்குப் போகாமலிருக்க என்னை இழுத்துக்கொண்டு போகிறாள். இது எனக்கு அப்போதே உறைத்தது. உறைத்தும் என்ன? அவள் முதுகைப் பார்க்காமல் வினைச்சொற்களை முணுமுணுத்துக்கொண்டு வந்தேன். நடுவில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். வலிக்கிறதா தம்பி என்று என்னைக் கேட்டாள். அவளைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

டவுனை ஒட்டிய பாக்கார் ஆராங் பக்கம் வந்ததும் எனக்கு வேறு கவலை பிடித்துக்கொண்டது. மற்ற வாத்தியார்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? ஒரு பொம்பளை இழுக்க, கிழங்கு மூட்டை மாதிரி வந்து இறங்குகிற வாத்தியார். நொண்டி என்று தெரிந்தால் வேலைக்கு லாயக்கில்லை என்று காகிதத்தைப் பிடுங்கிக்கொள்வார்களோ என்ற பயம் வேறு. இறங்கிக்கொண்டேன். இங்கேயே மரத்தடியில் இரு, நான் வரும்வரை டவுனுக்குள் வராதே என்று அவளிடம் சொல்லிவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன்.

பரீட்சை நடந்தது ஒரு பழைய பள்ளிக்கூடத்தில். விசாரித்த ஜப்பானிய அதிகாரி கண்ணாடி போட்டவர், தன் ஊரில் அவரும் வாத்தியாராம். கொடுமைக்காரர் என்று சொல்லிவிட்டால் எனக்குச் சௌகரியமாக இருக்கும். அவர் அப்படி இல்லை. படப் புத்தகத்தைப் பிரித்து ஒவ்வொருவரிடமும் காட்டினார். எனக்கு வந்த படத்தில் வெள்ளை நிலத்தில் ஒருவன் எதையோ இழுக்கிறான், மேலே இரண்டு பிள்ளைகள். எனக்கு முன்னால் ஒருவர் படகு என்றார், ஒருவர் கட்டில் என்றார். நான் ஸொரி என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. இந்த நாட்டில் அதைப் பார்த்திருக்கிறாயா என்று கேட்டார். இல்லை, அது பனி பெய்கிற உங்கள் நாட்டில்தான் உண்டு என்று புகழ்ச்சியாக ஒரு வாக்கியம் கட்டினேன். இலக்கணப் பிழை இல்லாத வாக்கியம்.

அப்போதுதான் வெளியே சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் வாசலில் அக்கா நிற்கிறாள். என் காலை நினைத்துக் கவலைப்பட்டு வாசல்வரை வந்திருக்கிறாள். அரிசி மூட்டை இழுக்க இது நல்லது என்று இரண்டு சிப்பாய்கள் இழுவையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அவள் கயிற்றை விடவில்லை. அதிகாரி என் பக்கத்தில் வந்து நின்று எட்டிப் பார்த்தார். ஸொரி, ஸொரி என்று சின்னப் பிள்ளை போலச் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்து, அது யாருடையது, அந்தப் பெண் யார் என்று கேட்டார்.

என்னை அழைத்து வந்தவள், அது அவளுடைய பிழைப்பு என்று சொல்ல எனக்கு நான்கு சொல் போதும். அந்த நான்கு சொல்லும் எனக்குத் தெரியும். சொல்லியிருந்தால் அந்த மனிதர் ஒரு கையசைப்பில் திருப்பிக் கொடுக்கச் சொல்லியிருப்பார் என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் சற்றுமுன் இல்லை என்றவன் இப்போது எப்படி மாற்றிப் பேசுவது? காகிதம் அவர் மேசைமேல் கிடந்தது, இன்னும் முத்திரை விழவில்லை. எனக்குத் தெரியாது என்றேன். அந்தப் பெண்ணையுமா என்றார். அந்தப் பெண்ணையும் தெரியாது என்றேன். அவர் வெளியே பார்த்து, எடுத்துப்போகலாம் என்று சிப்பாய்களுக்குத் தலையசைத்தார். அவர்கள் இழுவையை இழுத்துக்கொண்டு போனார்கள். என் காகிதத்தில் முத்திரை விழுந்தது.

நான் வெளியே வந்தபோது அவள் சாலையோரத்தில் என் பாயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கயிறு அறுத்த தடம் உள்ளங்கையில் சிவப்பாக இருந்தது. என் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். அப்படியே நடந்தோம். என் பாரத்தில் பாதி அவள்மேல். பாக்கார் ஆராங்கைத் தாண்டினோம்.

"ஜன்னல்கிட்ட நின்னு நீங்க அவன்கிட்ட பேசுனத பாத்தேன் தம்பி," என்றாள். "எனக்காக அந்தப் பெரியவன்கிட்டயே கேட்டிருக்கீங்க. அவன் குடுக்கலன்னா நீங்க என்னா பண்ணுவீங்க."

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டிய இடம் அதுதான். வலியில் பேசாமலிருக்கிறேன் என்று அவள் நினைத்திருப்பாள்.

"அவன் பாசையில நம்ம இழுவைக்குப் பேரு இருக்கா?"

"இருக்குக்கா. ஸொரி."

அவள் அதை இரண்டுமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

நின்று நின்று நடந்து, இருட்டிய பிறகு லயத்துக்கு வந்ததும் அவள் வாசல் வாசலாகச் சொல்லிவிட்டாள். வாத்தியார் தம்பி புண் காலோடு நின்று, ஜப்பான்காரன் பாசையிலேயே இழுவையின் பேரைச் சொல்லி, அவளுக்காக வாதாடினாராம். அன்றிலிருந்து அந்த லயத்தில் என்னைக் கண்டால் பெரியவர்களும் எழுந்து நின்றார்கள். மறுநாள் காலை அவள் மேட்டிலிருந்து மூன்று நடை நடந்து எல்லா வீட்டுக் கிழங்கையும் தலையில் சுமந்து வந்தாள். அதில் பெரிய கிழங்காக இரண்டைப் பொறுக்கி என் வாசலில் வைத்துவிட்டுப் போனாள். நான் அதை வேகவைத்துத் தின்றேன்.